மண்டோர் வைத்த நத்தை மருந்து

"பொண்ணு கேட்டுத்தான் வந்திருக்கேன், மண்டோர்."

"தெரியுது டீச்சர். சும்மாவா ஆப்பிள் ஆரஞ்செல்லாம் தட்டுல அடுக்கிக்கிட்டு வருவீங்க?"

"உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"உங்க வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணியா இருந்தப்ப நானும் உங்க வாசலோட நின்னு பேசிட்டுத்தான் திரும்புவேன். உள்ள வான்னு யாரும் கூப்பிட்டதில்ல."

"அதுக்கும் பிள்ளைங்களுக்கும் என்னா சம்பந்தம்?"

"என் மக டாக்டரு. உங்க மகன் லோரி ஓட்டறான். சம்பந்தம் இல்லதான்."

ஜூலியானா டீச்சர் தட்டைக் கீழே இறக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"சரி. இனிமே கேட்டுக்கிட்டு இந்தப் படி ஏற மாட்டேன். கேக்கறதா இருந்தா உங்க பக்கத்துலேருந்து வாங்க."

"பொண்ணைப் பெத்தவன் போய் மாப்பிள்ளை கேக்கற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல."

"அப்ப அந்தப் பழக்கத்தையே கட்டிக்கிட்டு இருங்க."

அந்தப் பேச்சு நடந்து மூன்று வருடமாகிவிட்டது.

புக்கிட் பெலண்டோக் ஊரைத் தாண்டி உள்ளே போகும் அந்தத் தோட்டத்தில், இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு செம்பருத்தி வேலி மட்டும்தான். முன்பெல்லாம் அதன் மேலாகக் குழம்புக் கிண்ணம் கைமாறும். இப்போது பார்வைகூட மாறுவதில்லை. ஞாயிறு பூசையில் கேப்ரியல் வலது பக்க பெஞ்சில் உட்கார்ந்தால், டீச்சர் இடது பக்கம் உட்காருவார்.

கேப்ரியல், எண்ணெய்ப் பனையான செம்பனையின் கன்றுகளை வளர்க்கும் தோட்டத்து நர்சரியில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவர் கைபட்ட கன்று வாடாது என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பெயர். ஜூலியானா டீச்சர் அதே தோட்டத்துப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். கேப்ரியலின் மகள் நட்டாலிக்கும் அவர்தான் கை பிடித்து எழுதப் பழக்கினார். தன் மகன் ராய்ஸ்டனுக்கும் அவர்தான்.

நட்டாலி இப்போது பாரோய் டவுனில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் விலங்கு மருத்துவர். ராய்ஸ்டன் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறான். ஒருவரை ஒருவர் விரும்பும் அவர்கள் யாருக்கும் தெரியாமல் கல்யாணத்தை ரெஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்று கூட்டாளிகள் சொன்னபோது, நட்டாலி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "நாம என்ன திருடிட்டா ஓடறோம்?"

டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தொண்டை வரைக்கும் ஒரு வாக்கியம் வரும். நமக்கென்ன குறை, நாம் ஏன் போய்க் கேட்கவேண்டும் என்று அதை விழுங்கிவிடுவாள். அப்பாவின் மகள் அல்லவா.

போன வாரம்தான் ராய்ஸ்டன் அவளிடம் ஒரு செய்தி சொன்னான். மந்தின் ஊரில் அவனுக்கு ஒரு பெண் இருக்கிறாளாம். வந்து பார்க்கிறோம் என்று அம்மா அந்த வீட்டில் சொல்லிவிட்டாராம்.

அதைக் கேட்டதிலிருந்து நட்டாலிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சனிக்கிழமை காலை, அம்மா ஃபிளோரா சுட்டு அடுக்கிய தோசையில் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பிய்த்துக்கொண்டே இருந்தபோதுதான், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நட்டாலி. இங்க கொஞ்சம் வா மா."

டீச்சரின் குரல். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் அந்த வேலியைத் தாண்டி இந்த வீட்டுப் பெயர் ஒன்று கேட்பது இதுதான் முதல்தடவை.

நட்டாலி கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

ரம்புத்தான் மரத்தடியில் மேஜர் சாய்ந்து கிடந்தது. ராய்ஸ்டன் குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்த செவலை நாய். அவன் லோரியில் போய்விட்டால், கணவரை இழந்த டீச்சருக்குப் பேச்சுத்துணை அதுதான். இரண்டு வீட்டுச் சண்டை தெரியாத ஒரே ஜீவனும் அதுதான். வேலியில் ஓட்டை போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் போய்வரும்.

இப்போது அதன் நான்கு கால்களும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் கோழை நூலாக வடிந்தது. உடம்பு முழுக்க ஓயாத நடுக்கம்.

அதற்குள் அக்கம்பக்கத்து ஆள் சேர்ந்துவிட்டது. நல்லசாமி செம்பனைக் குலை வெட்டும் கம்போடு நின்றார்.

"வெறி புடிச்சிருச்சு டீச்சர். கிட்டப் போவாதீங்க. ஒரே போடா போட்டுடறேன்."

"தேங்காப்பால ஊத்திப் பாருலா," என்றாள் லோகேஸ்வரி, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே. "எங்க வீட்டுப் பூனைக்கு ஊத்தினோம்."

"பொழைச்சிச்சா?"

"இல்ல. ஆனா ஊத்தினோம்."

நட்டாலி நாயின் அருகில் மண்டியிட்டாள். நல்லசாமி கம்பைத் தரையில் ஊன்றினார். 'டக்' என்ற அந்தச் சத்தத்துக்கே மேஜர் வில்லாக வளைந்து துடித்தது.

"யாரும் சத்தம் போடாதீங்க," என்றாள் அவள் மெதுவாக. "இது வெறி இல்ல, மாமா. விஷம். கம்பைக் கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க. அக்கா, இழுத்துக்கிட்டு இருக்கறப்ப வாயில எதையும் ஊத்தக் கூடாது. நெஞ்சுக்குள்ள போயிடும்."

"என்ன விஷம் மா?" என்று டீச்சர் கேட்டார்.

"பூச்சி மருந்தா இருக்கலாம், நத்தை மருந்தா இருக்கலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. எதுன்னு தெரிஞ்சா எனக்கு நேரம் மிச்சம்."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்படியில் கேப்ரியல் நின்றிருந்தார்.

அந்தப் பார்வையை டீச்சரும் பார்த்துவிட்டார்.

"சாவி எங்கிட்ட இருக்கு," என்று ஃபிளோரா வந்து நின்றாள். "நான் ஓட்டறேன். நீ பின்னால நாயைப் பாரு."

ஈரத் துண்டில் சுற்றி மேஜரைத் தூக்கினார்கள். காரின் பின்கதவு திறந்திருந்தது. டீச்சர் ஒரு கணம் தயங்கினார். மண்டோர் வீட்டுக் கார். பிறகு தலையைக் குனிந்து ஏறி, நாயின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

கார் செம்மண் பாதையில் மறைந்தது.

"யாரோ வேணும்னுதான் வெச்சிருக்கான்," என்றார் நல்லசாமி, கேப்ரியலைப் பார்க்காமல்.

கேப்ரியல் வீட்டின் பின்பக்கம் நடந்தார்.

அங்கேதான் அவருடைய சொந்தச் செடிகள். ஒவ்வொரு வருடமும் மாதா திருநாளுக்குத் தேர் சோடிக்கும் சாமந்தி அவர் வீட்டிலிருந்துதான் போகும். வெளியில் வாங்கிய ஒரு பூகூட இதுவரை அந்தத் தேரில் ஏறியதில்லை. இந்த வருடம் மழை விடவில்லை. உள்ளங்கை அளவு நத்தைகள் விடிவதற்குள் நாற்றுகளை மொட்டையடித்துவிட்டுப் போயின. நத்தை மருந்து வைக்கவேண்டாம் என்று நட்டாலி போன மாதமே சொல்லியிருந்தாள். சரி என்றும் அவர் தலையாட்டியிருந்தார். திருநாள் நெருங்கியதும் அந்தச் சரி மறந்துபோனது.

மழையில் கரையாமல் இருக்க, மருந்தை மங்கு எனும் கிண்ணங்களில் போட்டு, மேலே ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்திருந்தார். இது ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த காலத்தில் மரத்துக்கு மரம் பால் பிடித்த மங்குகள் அவை. மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் மங்குகள் போகவில்லை. யார் வீட்டுப் பின்னால் பார்த்தாலும் நான்கைந்து கிடக்கும். கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் அதில்தான். நாய்க்குச் சோறு போடுவதும் அதில்தான்.

விடியற்காலையில் பார்த்தபோது மூன்று மங்கிலும் நீல உருண்டைகள் இருந்தன. இப்போது இரண்டு மங்குகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. ஓட்டுத் துண்டுகள் புரண்டு கிடந்தன.

கேப்ரியல் குந்தி உட்கார்ந்தார். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். ஒரு தடவை அலசி விட்டால் போதும், யாருக்கும் தெரியாது.

அந்த எண்ணம் வந்ததற்கே அவருக்குத் தன்மேல் கோபம் வந்தது. நர்சரியில் ஒரு கன்று பட்டுப்போனால்கூட, 'என் கவனக்குறைவு' என்று மானேஜர் முன்னால் முதலில் சொல்கிறவர் அவர். நாய் செத்துப்போனால் வேலிக்கு அந்தப் பக்கம் இனி என்றைக்கும் கதவு திறக்காது. அது அவருக்குப் புரிந்தது. மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்ததையும் அவர் பார்க்காமல் இல்லை.

கைப்பேசியை எடுத்தார்.

காருக்குள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் இருந்தது. ஃபிளோரா ரேடியோவை அணைத்துவிட்டிருந்தாள். முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்தபோதும் ஹாரனைத் தொடவில்லை. வழி கிடைக்கும்வரை பொறுத்திருந்து தாண்டினாள். வேகத்தடை வரும்போதெல்லாம் காரைத் தொட்டிலைப்போல் ஏற்றி இறக்கினாள்.

நட்டாலியின் கையின் கீழ் மேஜரின் உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. துண்டை நனைத்து நனைத்து வயிற்றிலும் தொடைச் சந்திலும் போட்டாள். கண்ணில் வெளிச்சம் படாமல் டீச்சர் தன் முந்தானையால் மூடிப் பிடித்திருந்தார்.

ஃபிளோராவின் கைப்பேசி அடித்தது. முதல் மணிக்கே மேஜர் விறைத்து, தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு வெட்டியது.

"எடுங்கம்மா, சீக்கிரம்."

"உங்கப்பா."

டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நட்டாலிக்குக் கேக்குதா?" கேப்ரியலின் குரல்.

"கேக்குதுப்பா. மெதுவா பேசுங்க. சத்தம் ஆகாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "டீச்சரும் காடியிலதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப ஸ்பீக்கர்ல போடு."

"போட்டுத்தான் இருக்கு," என்றாள் ஃபிளோரா.

"நத்தை மருந்து. நான் வெச்சது. சாமந்திக்கு அடியில மங்குல போட்டு வெச்சேன். ரெண்டு மங்கு காலி. விடியறப்ப பார்த்தேன், அப்ப இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தின்னிருக்கு. டப்பாவுல மருந்து பேர் போட்டிருக்கு, எழுத்து எழுத்தாப் படிக்கிறேன், கேட்டுக்க."

அவர் படித்தார். கடைசி எழுத்து வருவதற்கு முன்பே நட்டாலிக்குத் தெரிந்துவிட்டது.

"போதும்ப்பா. மெத்தால்டிஹைட். இப்பத்தான் தின்னிருக்குன்னா வயித்துல இன்னும் மருந்து இருக்கும், கழுவி எடுத்துடலாம். டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க. எவ்வளவு வெச்சீங்கன்னு பார்க்கணும்."

"மோட்டார் சைக்கிள்ல வர்றேன்."

இணைப்பு அறுந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் டீச்சருக்கும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்ன மனிதர் அவர். நனைந்த துண்டைப் பிழியும்போது நட்டாலியின் மார்பு சற்றே நிமிர்ந்தது. என் அப்பா.

"மூணு வருஷத்துல உங்கப்பா எங்கிட்ட பேசின மொத வார்த்தை 'நத்தை மருந்து'," என்று டீச்சர் கிசுகிசுத்தார்.

"அதுவும் போன்ல," என்றாள் ஃபிளோரா, பாதையிலிருந்து கண் எடுக்காமல்.

கிளினிக்கில் உதவியாளர் தேவன் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். வழியிலேயே நட்டாலி தகவல் அனுப்பியிருந்தாள். முன்னறையில் காத்திருந்தவர்கள் தங்கள் பூனைக்கூடைகளை நகர்த்தி வழிவிட்டார்கள்.

உள்ளறையின் கண்ணாடிக்கு வெளியே டீச்சர் நின்றுகொண்டார்.

இழுப்பை அடக்க ஓர் ஊசி. அது போதாமல் மயக்க மருந்து. நடுக்கம் மெல்ல மெல்ல இறங்கியதும் தொண்டைக்குள் குழாயை விட்டு வயிற்றைக் கழுவினார்கள். முதலில் வந்த தண்ணீரில் நீலத் துணுக்குகள் மிதந்தன. தண்ணீர் தெளிகிறவரை நட்டாலி விடவில்லை. பிறகு கரிக் கரைசல் உள்ளே போனது. காலில் டிரிப். உடம்பைச் சுற்றி ஐஸ் பொட்டலங்கள். விளக்கைக் குறைத்து, கதவிடுக்கில் துணி வைத்துச் சத்தத்தை அடைத்தாள்.

"இன்னொரு ஐஸ். வயித்துல வேண்டாம், தொடையில. சூடு எவ்வளவு?"

"எறங்குது டாக்டர்."

"எறங்கினா போதாது. எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன். ரொம்பவும் குளிர்ந்துடக் கூடாது."

டாக்டர். அந்தச் சொல் டீச்சரின் காதில் புதிதாக விழுந்தது. பாலர் பள்ளியில் சொன்ன இடத்தில் உட்காராத பிள்ளை இது. காலில் அடிபட்ட மைனாவைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பறந்துபோகும்வரை பென்சில்களை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த பிள்ளை. அந்தக் கை இப்போது ஒருமுறைகூட நடுங்காமல் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் ஈரச் செருப்பின் ஓசை கேட்டது.

கேப்ரியல் வந்து நின்றார். வழியெல்லாம் மழை பிடித்திருக்கவேண்டும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிளாஸ்டிக் பையிலிருந்து டப்பாவையும் காலியான இரண்டு மங்குகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்து எவ்வளவு வைத்தார் என்பதைத் தேவனிடம் சொன்னார். பிறகு டீச்சரின் முன்னால் போய் நேராக நின்றார்.

"நான்தான் வெச்சேன் டீச்சர். உங்க நாய்க்குன்னு வெக்கல. ஆனா வெச்ச எடமும் தப்பு, வெச்ச ஏனமும் தப்பு."

டீச்சர் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"மங்குல வெக்கலாமா, மண்டோர்? பொறந்ததுலேருந்து அது மங்குலதானே தின்னுது."

"தெரியும். நானே போட்டிருக்கேன்."

"நீங்களா?"

"ஞாயித்துக்கிழமை கறி எலும்பு. வேலி ஓட்டையா வரும். அதுக்குன்னு ஒரு மங்கு வெச்சிருக்கேன்."

டீச்சர் மேசைமேல் இருந்த மங்குகளைப் பார்த்தார்.

"அதான் ஞாயித்துக்கிழமை நான் சோறு வெச்சா மோந்துகூடப் பாக்காது," என்றார். "நான் என்னமோ என் சமையல்ல கொறைன்னு நெனைச்சேன்."

"உங்க சமையலுக்கு என்னா கொறை? கிராணி பதவி ஏறுனப்ப நீங்க செஞ்ச பிரியாணி வாசம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சு."

"வாசம் மட்டும் வந்துச்சு. தெரியும் மண்டோர். அன்னைக்கு உங்க வீட்டுக்கு ஒரு தட்டு குடுத்து விட்டிருக்கணும். நான் செய்யல."

பெஞ்சின் ஒரு கோடியில் டீச்சர் உட்கார்ந்தார். மறுகோடியில் கேப்ரியல். பக்கத்து ஜஹாங்கீர் கடையிலிருந்து தேநீரும் கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப்பும் வாங்கி வந்த ஃபிளோரா, ஒரே தட்டாக இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கேப்ரியல் கண்ணாடிக்குள் பார்த்தார். கிளினிக் திறந்த அன்று ஃபாதர் ஜெபம் முடித்ததும் கிளம்பிப் போனவர் அவர். மகள் வேலை செய்கிறபோது வந்து பார்த்ததே இல்லை.

"சின்னதுல ஊசின்னா அழும்," என்றார்.

"என் பள்ளியில தடுப்பூசி போட வந்தப்ப அழல."

"எங்க வீட்டுல வந்து அழுதுச்சு. உங்க முன்னாடி அழக் கூடாதுன்னு அடக்கி வெச்சிருந்திருக்கு."

"நல்ல திமிருதான்."

"என் பொண்ணு," என்றார் கேப்ரியல்.

"நான் எழுத்துச் சொல்லிக் குடுத்த பொண்ணு," என்றார் டீச்சர். ஆளுக்கொரு கரிபாப்பை எடுத்துக்கொண்டார்கள்.

ராய்ஸ்டன் வந்தபோது சாலையோரம் லோரி உறுமி அடங்கியது. சேறு அப்பிய பூட்ஸைப் படியிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வந்தவன், அம்மாவும் மண்டோரும் ஒரே பெஞ்சில் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றான்.

"பழத்தோடவா வந்த?" என்று கேப்ரியல் கேட்டார்.

"இல்ல அங்கிள். மில்லுல எறக்கிட்டுத்தான் வந்தேன். வேலையைப் பாதியில போட்டுட்டு வந்தா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கேப்ரியல் 'ம்' என்றார். அந்த 'ம்' எப்படிப்பட்டது என்று ஃபிளோராவுக்கு மட்டும் புரிந்தது. நல்ல கன்றைத் தட்டிப் பார்க்கும்போது அவர் போடும் 'ம்' அது.

உள்ளறைக் கதவு திறந்தது. நட்டாலி கையுறையைக் கழற்றியபடி வந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ராய்ஸ்டனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீச்சரிடம் வந்தாள்.

"இழுப்பு நின்னிருக்கு. மருந்துலதான் நிக்குது. நாளைக்கு வரைக்கும் மயக்கத்துலயே வெச்சிருக்கணும். இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது டீச்சர். அது உடம்பை விட்டுப் போறவரைக்கும் நாயைத் தாங்கிப் பிடிச்சு வெச்சிருக்கறதுதான் வைத்தியம். எந்திரிச்சப்புறமும் ஈரல் கெட்டுப் போகலாம். ரெண்டு மூணு நாள் பார்த்துத்தான் சொல்லணும்."

"பொழைக்குமா, நட்டாலி?"

"பொழைக்க வாய்ப்பு அதிகம். ஆனா பொழைச்சிரும்னு இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்."

டீச்சர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். மருந்து வாடையும் நாய் வாடையும் அடிக்கும் கை.

"மேஜர் மட்டும் எந்திரிச்சு வரட்டும். அப்புறம் நீ என்ன கேட்டாலும் சரிங்கறேன்."

ஃபிளோரா தேநீர்க் குவளையை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். ராய்ஸ்டன் தலை நிமிர்ந்தான். டீச்சர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நட்டாலி சும்மா இருந்தால் போதும். நாய் எழுந்து நிற்கும். மந்தின் பெண் பேச்சு அதுவாக அடங்கிவிடும். யாரும் யார் படியும் ஏறவேண்டியதில்லை.

நட்டாலி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அப்படி வேண்டாம் டீச்சர்."

"ஏன் மா?"

"அது எந்திரிச்சப்புறம் கேட்டா, வைத்தியத்துக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும். எந்திரிக்காம போச்சுன்னா நான் வாயே தெறக்க முடியாது. எங்க ரெண்டு பேர் வாழ்க்கையை ஒரு நாயோட தலையில ஏத்தி வெக்க எனக்கு இஷ்டமில்ல. அது பாவம். அதுக்கு ஏற்கெனவே போதுமான பாரம் இருக்கு."

அவள் குரல் உயரவில்லை. கண்ணாடிக்குள் தூங்கும் நாய்க்காகத் தாழ்த்திய அதே குரல்தான்.

"அப்பா கேக்க மாட்டார். நீங்களும் இனிமே கேக்க மாட்டீங்க. ரெண்டு பேரையும் நான் கொறை சொல்லல. உங்க ரெண்டு பேர்கிட்டேருந்துதான் எனக்கும் இந்தத் திமிர் வந்துச்சு. மூணு வருஷமா நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பெஞ்சின் மறுகோடியைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்காக நான் கேக்கப் போறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

கேப்ரியல் கையிலிருந்த கரிபாப்பைத் தட்டில் வைத்தார். ஈர மழைக்கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து மகளின் பக்கத்தில், அவள் தோளோடு தோளாக நின்றார்.

"பொண்ணு நின்னுக்கிட்டு கேக்கறப்ப அப்பன் உக்காந்திருக்கக் கூடாது," என்றார். "கேளு."

டீச்சரும் எழுந்துவிட்டார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நட்டாலி ஒரு மூச்சு இழுத்தாள்.

"டீச்சர், உங்க மகன் ராய்ஸ்டனை எனக்குக் கட்டிக் குடுங்க."